வண்டி தூளி மாதிரி ஆடுதுண்ணா! வாசகர் கேள்விகள், மெக்கானிக் பதில்கள்

பழைய வேன வாங்கி உள்ள கட்டில் அடுப்பு எல்லாம் வெச்சு குடும்பத்தோட ஊர் சுத்துறது நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கமும் வந்துருச்சு, இந்த தடவ வந்த லெட்டர்ல பாதி அந்த மாதிரி வண்டி வெச்சிருக்கறவங்க எழுதுனதுதான். ரொம்ப சந்தோசமா இருக்கு. ஆனா சோலார் எத்தன வாட்ஸ், மெத்தை எத்தன இஞ்ச்னு கேக்குற அளவுக்கு யாரும் வண்டிக்கு அடியில குனிஞ்சு பாக்கறதில்ல, அதனால இந்த பக்கம் முழுக்க ஷாக் அப்சார்பருக்கே ஒதுக்கிட்டேன், நம்ம ஊர் பட்டறை பாஷையில சொன்னா ஷாக்கு.

கேள்வி: அண்ணா வணக்கம். ஸ்கூல் வேனா ஓடுன 2007 மாடல் டெம்போ டிராவலர் ஒண்ண வாங்கி சீட்டெல்லாம் கழட்டிட்டு பின்னாடி படுக்க கட்டில், சைடுல சமையல் மேடை, 120 லிட்டர் தண்ணி டேங்க், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் போட்டு கேம்பர் வேனா மாத்திட்டோம். போன மாசம் ஒகேனக்கல் போனப்ப பென்னாகரம் தாண்டி காட்டு எறக்கத்துல ஒவ்வொரு வளைவுலயும் வண்டி ஒரு பக்கமா சாயுது, சாஞ்சா நிமிர நேரம் எடுக்குது, ஸ்பீட் பிரேக்கர் ஏறி எறங்குனா மூணு நாலு தடவ தூக்கி தூக்கி போடுது, பின்னாடி கடக் கடக்னு சத்தம் வேற. நாலு ஷாக்கையும் மாத்துனு ஒரு மெக்கானிக் சொல்றார், ஷாக்கெல்லாம் வேண்டாம் பின்னாடி ஒரு பட்டை (லீஃப் ஸ்பிரிங்) ஏத்துனா போதும்னு இன்னொருத்தர் சொல்றார். எது சரி? இத நானே மாத்திக்கலாமா? – வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: தம்பி, ரெண்டு பேர் சொன்னதும் பாதி பாதி சரி, ஆனா ரெண்டு பேருமே வண்டிய எடை போட்டு பாக்க சொல்லலியே, நான் அங்க இருந்துதான் ஆரம்பிப்பேன். 120 லிட்டர் தண்ணினா 120 கிலோ. 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி ஒண்ணு 50 கிலோவுக்கு மேல. 18 எம்.எம். பிளைவுட் ஒரு முழு ஷீட் 30 கிலோவுக்கு மேல, கட்டில் மேடை அலமாரினு உங்களுக்கு எப்படியும் நாலு அஞ்சு ஷீட் போயிருக்கும். வீட்டு கேஸ் சிலிண்டர் ரொம்பியிருந்தா 30 கிலோ கிட்ட வரும். ஸ்கூல் வேனா ஓடுனப்ப பசங்க ஏறுவாங்க எறங்குவாங்க, சாயந்திரத்துக்கு மேல வண்டி காலியா நிக்கும். இப்ப அப்படி இல்ல, நீங்க வீட்ல தூங்குறப்பவும் அந்த லோடு வண்டி மேலயே உக்காந்துருக்கு, பட்டை எந்நேரமும் அமுங்கியே கெடக்குது.

கிருஷ்ணகிரி பக்கம் எடை மேடைக்கு பஞ்சமே இல்ல, மாங்கா லோடும் கிரானைட் லோடும் போற ஊரு. டேங்க் ரொப்பி, வீட்டாளுங்க எல்லாரையும் உக்கார வெச்சு, முதல்ல முன் சக்கரம் மட்டும் மேடையில ஏத்தி ஒரு எடை, அப்புறம் முழு வண்டி ஒரு எடை, கடைசியா பின் சக்கரம் மட்டும் ஒரு எடை எடுங்க. ஆர்.சி.ல போட்டிருக்கற லேடன் வெயிட்ட, அதாவது லோடோட வண்டி இருக்கலாம்ங்கற உச்ச எடைய, முழு எடை தாண்டுச்சுனா முதல் வேலை சாமான எறக்கறதுதான், எந்த ஷாக்கும் எந்த பட்டையும் அதுக்கு மருந்து கெடையாது. அப்படியே ஒரு டேப் எடுத்து சக்கரத்தோட நடு மையத்துல இருந்து மேல மட்கார்டு விளிம்பு வரைக்கும் இடது பக்கமும் வலது பக்கமும் அளந்து எழுதி வெச்சுக்கோங்க. டேங்கும் பேட்டரியும் ஒரே பக்கம் வெச்சிருந்தா வித்தியாசம் அங்க தெரிஞ்சுரும், வளைவுல ஒரு பக்கமா சாயறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

இப்ப பட்டையா ஷாக்கானு கேட்டீங்கல்ல. எடைய தாங்குறது பட்டை, ஷாக்குக்கு அந்த வேலையே இல்ல. வீட்ல கொழந்தைய தூளியில போட்டு ஒரு தடவ ஆட்டி விட்டா கை வெச்சு நிறுத்துற வரைக்கும் அது பாட்டுக்கு ஆடிட்டே இருக்கும் இல்லீங்களா, பட்டையும் அப்படித்தான், ஒரு குழில அமுங்குனா மேல வரும், மறுபடி கீழ போகும், மறுபடி மேல வரும். அந்த ஆட்டத்த பிடிச்சு நிறுத்துற கைதான் ஷாக்கு. உள்ள ஒரு குழாய் நிறைய ஆயில், அதுக்குள்ள ஒரு பிஸ்டன், பிஸ்டன்ல சின்ன சின்ன ஓட்டையும் வால்வும். வண்டி ஆடறப்ப ஆயில் அந்த சின்ன வழியா திணறி திணறி போகணும், அந்த திணறல்ல ஆட்டத்தோட சக்தி சூடா மாறி வெளிய போயிரும். அவ்ளோதான் விசயம். அதனால வண்டி பின்னாடி தாழ்ந்து உக்காந்துருந்தா அது பட்டை குத்தம், ஆட்டம் நிக்க மாட்டேங்குதுனா அது ஷாக்கு குத்தம். நீங்க சொல்றத பாத்தா உங்க வண்டிக்கு ரெண்டுமே இருக்குனு தோணுது.

இன்னொண்ணும் சொல்லணும், இத நான் கடைக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுவேன். ஷாக்குனா குலுங்காம சொகுசா போறதுக்குனு நெனச்சு, கொஞ்சம் குலுங்குனா பரவால்ல அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு தள்ளி போட்டுடறாங்க. ஷாக்கு போன வண்டியில சக்கரம் ரோட்ட விட்டு விட்டு துள்ளுது, துள்ளுற நேரத்துல டயருக்கு ரோட்டு மேல பிடி கெடையாது. பிடி இல்லாத டயர்ல நீங்க எவ்ளோ அமுக்கி பிரேக் பிடிச்சாலும் என்ன ஆகும்? தொப்பூர் எறக்கம் நமக்கெல்லாம் தெரியும், தர்மபுரில இருந்து சேலம் போறப்ப முன்னாடி லோடு லாரி, பின்னாடி லோடு லாரி, நடுவுல நம்ம வண்டி, உள்ள நம்ம புள்ளைங்க. அந்த எடத்துல வண்டி அஞ்சு மீட்டர் முன்னாடியே நிக்கறதுக்குதான் ஷாக்குக்கு காசு செலவு பண்றோம்.

அந்த கடக் கடக் சத்தத்துக்கு வருவோம். சத்தம் பெரும்பாலும் ஷாக்கு உள்ள இருந்து வராது, அதோட ரெண்டு முனையிலயும் இருக்கற ரப்பர் புஷ்ஷு நசுங்கி போய் இரும்பும் இரும்பும் தட்டிக்கறதுலதான் வரும், இல்லனா பட்டை முனைய சேசிஸோட சேக்கற ஷேக்கிள் பின் தேஞ்சிருக்கும், இல்லனா பட்டைய ஆக்ஸிலோட சேத்து பிடிக்கற யு போல்ட் லூசு. வண்டிய பட்டறை குழி மேல நிறுத்தி ஒருத்தர் மேல நின்னு வண்டிய ஆட்டணும், இன்னொருத்தர் கீழ இருந்து ஒவ்வொரு ஜாயின்ட்லயும் விரல வெச்சு பாக்கணும், தட்டுற எடம் விரலுக்கு தெரிஞ்சுரும். அப்பவே டார்ச் அடிச்சு பட்டை ஏதாவது உடைஞ்சிருக்கானும் பாத்துருங்க, உடைஞ்ச எடத்துல துரு கோடு மாதிரி தெரியும், புது உடைசல்னா பளபளனு இருக்கும். சேசிஸ்ல ஷாக்கு மாட்டுற பிராக்கெட்டோட வெல்டிங்கையும் பாருங்க, பழைய ஸ்கூல் வேன்ல அங்க விரிசல் விட்டிருக்கறத நான் நெறைய பாத்துருக்கேன்.

ஷாக்கு நெஜமாவே போயிடுச்சானு பாக்க எனக்கு பிடிச்ச வழி ஒண்ணு இருக்கு. மேடு பள்ளமான ரோட்டுல ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து நிறுத்துன உடனே ஒவ்வொரு ஷாக்கு பாடியையும் தொட்டு பாருங்க, சைலன்சர் பக்கம் கை படாம. வேலை செய்யிற ஷாக்கு சூடா இருக்கும், ஆட்டத்த சூடா மாத்தறதுதான அதோட வேலை. ஒரே ஆக்ஸில்ல ஒண்ணு சூடா இருந்து இன்னொண்ணு ஜில்லுனு இருந்துச்சுனா ஜில்லுனு இருக்கறது செத்து போச்சுனு அர்த்தம். ஆயில் ஒழுகலயும் பாருங்க, ஆனா மேல லேசா ஆயில் பூத்த மாதிரி தூசி ஒட்டியிருந்தா அதுக்காக பயப்பட வேண்டாம், அது சகஜம். ஈரமா கோடு போட்டு கீழ வரைக்கும் வழிஞ்சிருந்தா மாத்தணும்.

வேலைய எந்த வரிசையில பண்ணணும்ங்கறதுதான் இதுல முக்கியம், இங்கதான் நெறைய பேர் காச விடறாங்க. முதல்ல பட்டை, அப்புறம்தான் ஷாக்கு. ஏன்னா பட்டை ஏத்துனா வண்டி உயரும், உயர்ந்த வண்டியில பழைய அளவு ஷாக்க மாட்டுனா அது எப்பவும் நீண்டே கெடக்கும், ஒரு பெரிய குழில சக்கரம் கீழ தொங்குறப்ப ஷாக்கு நீள்றதுக்கு எடமே இல்லாம இழுத்து புடுங்கிக்கும். பட்டை வேலைய முடிச்சு, லோடோட வண்டி நிக்கற உயரத்துல ரெண்டு மாட்டுற போல்ட்டுக்கும் நடுவுல அளந்து, அந்த அளவு புது ஷாக்கோட முழு நீளத்துக்கும் முழுசா அமுங்குன நீளத்துக்கும் நடுவுல எங்கயாவது வருதானு பாத்துட்டு வாங்குங்க. பட்டைய பட்டறையில காய்ச்சி வளைவு ஏத்தி தர்றேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லுங்க, சரியா டெம்பர் பண்ணாத பட்டை கொஞ்ச நாள்ல திரும்ப உக்காந்துரும். உங்க 2007 வண்டிக்கு இத்தன வருசம் ஆச்சு, செட்டாவே புதுசு போட்டுருங்க, யு போல்ட்டும் புதுசு.

நீங்களே மாத்திக்கலாமானா, உங்க வண்டிக்கு தாராளமா மாத்திக்கலாம். பழைய டிராவலர்ல முன்னாடியும் பின்னாடியும் பட்டைதான், ஷாக்கு சேசிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல தனியா மேல ஒரு போல்ட்டு கீழ ஒரு போல்ட்டுல நிக்குது, சக்கரத்த கழட்டாமலே வண்டி தரையில நிக்கும்போதே மாத்தலாம், அப்படி மாத்தறதுதான் நல்லதும் கூட. மொத நாளே நட்டு போல்ட்டெல்லாம் வயர் பிரஷ் போட்டு துருவ எடுத்துட்டு துரு விடுற ஸ்பிரே அடிச்சு விட்டுருங்க, காலைல இன்னொரு தடவ அடிங்க. சமமான தரையில நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை கொடுத்துட்டு அப்புறம் அடியில போங்க. எடம் பத்தலனு ஜாக்கி போட்டு தூக்குனா கண்டிப்பா ஸ்டாண்ட் வைக்கணும், வெறும் ஜாக்கிய நம்பி ஒரு நிமிசம் கூட உள்ள படுக்காதீங்க தம்பி, இத கெஞ்சி கேட்டுக்கறேன். சேசிஸ தூக்கி ஆக்ஸில தொங்க விட்டுட்டு ஷாக்க கழட்டுனீங்கனா ஆக்ஸில் இன்னும் கீழ எறங்கி பிரேக் ஹோஸ் இழுபடும், அதனால ஆக்ஸிலுக்கு அடியிலயும் தாங்கல் வேணும்.

நட்டு சுத்தவே மாட்டேங்குதுனு கேஸ் வெல்டிங்கால சூடு காட்ற பழக்கம் நம்ம பக்கம் உண்டு. போல்ட்டோட நிக்காம ஷாக்கு பாடிக்கு சூடு ஏறுச்சுனா உள்ள அடைச்சிருக்கற ஆயிலும் காத்தும் விரிஞ்சு வெடிக்கும். நட்ட ஹேக்ஸா பிளேடால அறுத்து எடுக்கறது அர மணி நேர வேலை, பொறுமையா அறுங்க. போல்ட்டும் நட்டும் புதுசா போடுங்க.

புது ஷாக்கு கைக்கு வந்ததும் அப்படியே மாட்டிராதீங்க. கடையில அது மாசக்கணக்கா படுத்தே கெடந்துருக்கும், ஆயில் இருக்க வேண்டிய எடத்துல காத்து போயிருக்கும். வண்டியில நிக்கற மாதிரியே ராடு மேல வர நிமித்தி பிடிச்சு, மெதுவா முழுசா அமுக்கி, மெதுவா முழுசா இழுத்து, இப்படி நாலஞ்சு தடவ பண்ணுங்க. மொத ரெண்டு தடவ நடுவுல வெத்தா போற மாதிரி இருக்கும், அப்புறம் ஒரே சீரா இறுக்கம் வரும், அமுக்கறத விட இழுக்கறது கஷ்டமா இருக்கும், அதுதான் சரி. அந்த பளபளனு இருக்கற ராட பிளையர் போட்டு பிடிச்சிராதீங்க, ஒரு கீறல் விழுந்தா போதும், அது சீல அறுத்து ஒரு மாசத்துல ஒழுக விட்டுரும்.

கடைசி இறுக்கல் பத்தி என் அனுபவத்த சொல்லிடறேன். தொழில் கத்துக்கிட்ட புதுசுல ஒரு வேனுக்கு நாலு ஷாக்கும் நான் மாத்துனேன், வண்டிய தூக்கி வெச்சு சக்கரம் தொங்கிட்டு இருக்கறப்பவே எல்லா போல்ட்டையும் முழு பலம் போட்டு இறுக்கிட்டேன். மூணு மாசத்துல எட்டு புஷ்ஷுல அஞ்சு கிழிஞ்சு வந்துச்சு. ஷாக்கு மட்டம்னு நெனச்சேன், எனக்கு தொழில் சொல்லி கொடுத்தவர் பாத்துட்டு, சக்கரம் தொங்குறப்ப இறுக்குனா ரப்பர் அந்த நெலயிலயே பிடிச்சுக்கும், வண்டிய கீழ எறக்குனதும் அது முறுக்கிக்கும், ஓடுற நேரமெல்லாம் முறுக்குனபடியே இருந்து கிழியும்னு சொல்லி கொடுத்தார். அந்த வண்டிக்காரருக்கு என் காசுல புஷ்ஷு மாத்தி கொடுத்தேன். அதனால தம்பி, போல்ட்ட கையால மாட்டி விடுங்க, வண்டி முழு எடையோட நாலு சக்கரத்துல தரையில நின்ன பிறகுதான் கடைசி இறுக்கல்.

இதோட ஒரு வார்த்தை, கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.ல இருக்கறதுக்கும் மாறுற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுனு 1988 மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு சொல்லுது. சீட்டெல்லாம் கழட்டிட்டேன்னு எழுதியிருக்கீங்க, கிருஷ்ணகிரி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒரு எட்டு போய் கேட்டு சரி பண்ணிக்கோங்க.

கேள்வி: அண்ணா, எங்க வேனோட ஒவ்வொரு மூலையயும் எங்க வீட்டுக்காரர் பலமா அமுக்கி விட்டு பாத்தார், ஒரு தடவ மேல வந்துட்டு நின்னுடுது, ஷாக்கு நல்லாதான் இருக்குங்கறார். ஆனா தீர்த்தமலை போறப்ப பின்னாடி கட்டில்ல படுத்துட்டு வந்த எனக்கு தூக்கி தூக்கி போட்டு முதுகே போச்சு. முன் டயர் வேற ஒரு மாதிரி தேயுது. – வாசகி, அரூர்

பதில்: தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் பண்ணது கார்ல பண்ற டெஸ்ட்டு. பட்டை வெச்ச வேனுக்கு அது ஏமாத்தும். பட்டைங்க ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்து உரசிட்டு இருக்கறதால, அதுவும் துரு பிடிச்ச பட்டைனா, அந்த உரசலே சின்ன ஆட்டத்த நிறுத்திரும், ஷாக்க கழட்டி வெச்சுட்டு அமுக்குனாலும் ஒரு தடவயில நிக்கும். ரோட்டுல பெரிய குழி வர்றப்பதான் உண்மை தெரியும். மேல சொன்ன மாதிரி தொட்டு பாக்கற டெஸ்ட்ட பண்ண சொல்லுங்க, சந்தேகம் இருந்தா கீழ் போல்ட்ட மட்டும் கழட்டி கையால இழுத்து அமுக்கி பாக்க சொல்லுங்க, நடுவுல எங்கயாவது பிடியே இல்லாம வெத்தா போச்சுனா ஷாக்கு முடிஞ்சுது.

டயர்ல உள்ளங்கைய வெச்சு சுத்தி தடவி பாருங்க. அங்கங்க பள்ளம் பள்ளமா, மேடு பள்ளமா கைக்கு தட்டுப்பட்டா டயர் ரோட்டுல துள்ளி துள்ளி ஓடியிருக்கு, அது ஷாக்கு எழுதி வெச்ச கையெழுத்து. உள் பக்கமோ வெளி பக்கமோ மட்டும் தேஞ்சிருந்தா அலைன்மென்ட்ட பாக்கணும். ரெண்டு ஓரமும் தேஞ்சு நடு நல்லா இருந்தா காத்து கம்மி.

ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு, ஓடுற வண்டியில கட்டில்ல படுத்துட்டு வராதீங்கம்மா. திடீர்னு பிரேக் பிடிச்சா பிடிச்சுக்க எதுவும் இல்ல. சீட்ல உக்காந்து பெல்ட் போட்டுட்டு வாங்க, ஊர் போய் சேந்த பிறகு படுங்க.

கேள்வி: சார், ஒரு கடையில ஷாக்க ரீகண்டிஷன் பண்ணி புது ஆயில் ஊத்தி தர்றேன்னு பாதி விலை சொல்றாங்க. பண்ணலாமா? – வாசகர், பாலக்கோடு

பதில்: வேண்டாம் சார். கழட்டி சர்வீஸ் பண்ற மாதிரியே செஞ்ச ஷாக்குங்க இருக்கு, அது வேற. வேனுக்கு வர்றது வாய முழுசா மூடி அடைச்சது. அத அறுத்து, கெடச்ச ஆயில ஊத்தி, திரும்ப வெல்டிங் வெச்சு, கருப்பு பெயின்ட் அடிச்சு தர்றதுதான் இந்த ரீகண்டிஷன். உள்ள வால்வு தேஞ்சது தேஞ்சபடியே இருக்கும், ஆயிலோட கெட்டி தன்மை மாறிடும், இடது ஒரு மாதிரி வலது ஒரு மாதிரி வேலை செய்யும். என் தம்பி வண்டிக்கு வெளியூர்ல ஒரு கடையில புதுசுனு சொல்லி டப்பாவுல போட்டு ரெண்டு கொடுத்தாங்க, மாட்டுறதுக்கு முன்னாடி பெயின்ட்ட நகத்தால சுரண்டுனா அடியில பழைய வெல்டிங் கோடு. பில்லும் தரல, திருப்பியும் எடுத்துக்கல. அதுல இருந்து பெயின்ட்ட சுரண்டி பாக்காம, பில் வாங்காம நான் யாருக்கும் வாங்கி தர்றதில்ல. ஷாக்கு தேடி நாம ரொம்ப தூரம் போகவும் வேண்டாம், காப்ரியேல் கம்பெனிக்கு நம்ம ஓசூர்லயே ஃபேக்டரி இருக்கு. எந்த கம்பெனி வாங்குனாலும் பார்ட் நம்பர் சொல்லி வாங்குங்க, ஒரே ஆக்ஸிலுக்கு ஜோடியா வாங்குங்க. காசு பத்தலனா இந்த மாசம் முன் ஜோடி, ரெண்டு மாசம் கழிச்சு பின் ஜோடி மாத்துங்க, ஒண்ண மட்டும் மாத்தாதீங்க.

கேள்வி: ஆயில் ஷாக்கா கேஸ் ஷாக்கா? எது நல்லதுண்ணா? – வாசகர், ஊத்தங்கரை

பதில்: கேஸ் ஷாக்குலயும் ஆயில்தான் வேலை செய்யுது தம்பி. சாதா ஷாக்குல ஆயிலுக்கு மேல வெறும் காத்து இருக்கும், மோசமான ரோட்டுல விடாம ஓட்டுனா அந்த காத்து ஆயில்ல கலந்து நொரைச்சு போயிரும், நொரைய பிஸ்டன் சுலபமா தள்ளிட்டு போகும், அப்ப பிடி கொறஞ்சுரும். கேஸ் ஷாக்குல காத்துக்கு பதிலா நைட்ரஜன அழுத்தி அடைச்சிருப்பாங்க, அந்த அழுத்தம் நொரைய விடாது. எப்பவும் லோடோட, அஞ்செட்டி ரோடு வத்தல்மலை ரோடுனு ஏறி எறங்குற வண்டிக்கு நான் கேஸ்தான் சொல்லுவேன். டவுனுக்குள்ளயும் ஹைவேலயும் மட்டும்னா ஆயிலே போதும். கேஸ் ஷாக்கு பெல்ட்டு போட்டு கட்டி வரும், ஒரு முனைய மாட்டிட்டு அப்புறம் பெல்ட்ட வெட்டுங்க, தானா நீளும், கை விரல் ஜாக்கிரதை. பழைய கேஸ் ஷாக்க அறுக்கவோ நெருப்புல போடவோ கூடாது, இரும்பு கடைக்கு போடறப்ப இது கேஸ்னு வாய விட்டு சொல்லிருங்க.

இதுலயே ஹெவி டியூட்டினு ரொம்ப இறுக்கமான ஷாக்கு போட்டா லோடு தூக்கும்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. தாழ்ந்த வண்டி தாழ்ந்தே இருக்கும், குலுக்கல்தான் அதிகமாகும்.

கேள்வி: என்கிட்ட மாருதி ஆம்னி, 2011 மாடல், பின் சீட்ட மடக்கி ரெண்டு பேர் படுக்கற மாதிரி பண்ணியிருக்கேன். டிராவலர் மாதிரியே இதுக்கும் வீட்ல வெச்சு மாத்தலாமா? – வாசகர், ஓசூர்

பதில்: பின்னாடி மாத்தலாம், முன்னாடி வேண்டாம். ஆம்னிக்கு பின்னாடி பட்டை, ஷாக்கு தனி, மேல சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். முன்னாடி அப்படி இல்ல, ஸ்ட்ரட்டு, காயில் ஸ்பிரிங்கு அழுத்தமா சுத்தி உக்காந்துருக்கும், அதுக்குள்ளதான் ஷாக்கு. ஸ்பிரிங்க கம்ப்ரசர் போட்டு பிடிக்காம மேல் நட்ட கழட்டுனீங்கனா ஸ்பிரிங்கு தெறிச்சு முகத்துல அடிக்கும், உயிர் போற விசயம். கம்ப்ரசர் இருக்கற கடைக்கு கொண்டு போங்க, மேல் மவுன்ட் ரப்பரையும் சேத்து மாத்த சொல்லுங்க, முடிஞ்சதும் வீல் அலைன்மென்ட் கண்டிப்பா பாக்கணும்.

கேள்வி: எங்க வேன் வருசத்துல எட்டு மாசம் ஷெட்டுலயே நிக்குது, 40,000 கி.மீ. கூட ஓடல, ஆனா ரெண்டு ஷாக்கு ஒழுகுது. 80,000 வரைக்கும் வரும்னு சொன்னாங்களே? – வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: 80,000ங்கறது பொதுவா சொல்ற கணக்குதான், தினமும் ஓடுற வண்டிக்கு அது பொருந்தும். நிக்கற வண்டியில ஷாக்கோட ராடு ஒரே எடத்துல வெளிய தெரிஞ்சபடி நிக்குது, உங்க ஊர் குளிருக்கும் பனிக்கும் அதுல ஈரம் பிடிச்சு புள்ளி புள்ளியா துரு ஏறும், எட்டு மாசம் கழிச்சு வண்டிய எடுத்த அன்னைக்கு அந்த துரு சீலுக்குள்ள போய் அரம் மாதிரி அறுக்கும். மாசத்துக்கு ஒரு தடவயாவது வண்டிய எடுத்து ராயக்கோட்டை வரைக்கும் போய்ட்டு வாங்க, ராடு முழுக்க ஆயில் பூசிக்கும். தூசி கவர் கிழிஞ்சிருந்தா மாத்துங்க, நிறுத்தறப்ப தண்ணி டேங்க காலி பண்ணி வைங்க. டயர் தேயலனு அதையும் விட்டுறாதீங்க, சைடுல நாலு நம்பர் இருக்கும், 2319னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்சதுனு அர்த்தம், அத பாத்து வயசு கணக்கு போடுங்க.

கேள்வி: போன வாரம்தான் நாலு ஷாக்கும் மாத்துனேன், எல்லாம் நல்லா இருக்கு, இனி ஏதாவது பண்ணணுமாண்ணா? – வாசகர், தர்மபுரி

பதில்: ஒரு 300 கி.மீ. ஓடுனதும் நாலு பக்கமும் போல்ட்ட ஸ்பேனர் போட்டு ஒரு தடவ பாத்துருங்க, புது ரப்பர் கொஞ்சம் அமுங்கி லூசு விட்டிருக்கும், பட்டை மாத்தியிருந்தா யு போல்ட்டையும் சேத்து இறுக்குங்க. பட்டை மேல பம்ப் ஸ்டாப் ரப்பர் நாலும் இருக்கானு பாத்தீங்களா? பழைய வண்டியில அது எப்பவோ விழுந்து போயிருக்கும், அது இல்லனா பெரிய குழில ஷாக்கு அடிமட்டம் வரைக்கும் போய் இடிச்சு உள்ளயே ஒடைஞ்சுரும். இல்லனா இந்த வாரமே வாங்கி மாட்டிருங்க.